முட்டும் முட்டுக்கட்டையும்

(கூமாப்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இப்பிரசங்கத்தின் தலைப்பை அழைப்பிதழில் கண்ட நண்பர் ஒருவர், பத்து நாட்களுக்கு முன் தென்னந்தோப்பு வரப்பில் என்னை நிறுத்தி, "கூமாப்பட்டியிலே வந்து இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லப் போறீங்களாக்கும், பிளவக்கல் அணையிலே தண்ணி எப்போ பெருகும்னு சொன்னாலாவது நாலு பேருக்குப் பிரயோஜனம்" என்றார். அவர் கூறியதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், அண்மையில் கைபேசித் திரைகளின் வழியாக இவ்வூருக்கு எதிர்பாராத கியாதி ஒன்று வந்து, அதை நம்பி நீராட ஆசைப்பட்டுத் தொலைவிலிருந்தெல்லாம் புறப்பட்டு வந்தவர்கள், அணையில் இறங்கத் தடை என்னும் அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்பிப் போன விருத்தாந்தத்தை நீங்கள் அறிவீர்கள். தடையைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஸ்தலம் வேறு கிடைக்குமா என்று அவருக்கு விடை சொன்னேன். சிரித்தார். இப்போது கூட்டத்தில் தேடிப் பார்க்கிறேன்; அவரைக் காணோம்.

சென்ற கோடை விடுமுறையில் என் தம்பியின் பேத்தி ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்து, "தாத்தா, மந்திரி வதந்தியை ஸ்காட்ச் பண்ணிட்டார்னு போட்டிருக்கான், அப்படின்னா என்ன, வதந்திக்கு ஊத்திக் கொடுத்துட்டாரா?" என்று கேட்டாள். அன்று அவளுக்கு நான் சொன்ன விடை அரைகுறையானது. அதன் மிச்சத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

ஸ்காட்ச் என்றதும் நம்மவர் மனத்தில் எழுவன ஸ்காட்லாந்து தேசமும் அத்தேசத்து மதுவும். வதந்தியையோ சூழ்ச்சியையோ திட்டத்தையோ மேலும் எழும்பவொட்டாமல் அடக்கிவிடுவதைக் குறிக்கும் இந்த வினைச்சொல்லுக்கு அவ்விரண்டோடும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது கத்தியால் கீறுவதையும், மேற்பரப்பில் வெட்டுத் தடம் பதிப்பதையும் குறித்து வழங்கியது. மரத்தில் இடும் வெட்டுப்பள்ளத்துக்குப் பழைய பிரெஞ்சு மொழியில் இருந்த பெயரோடு அதனை அறிஞர் இணைத்துக் காட்டுவர். தரையில் கட்டம் கீறி, ஓட்டுச் சில்லை எறிந்து, ஒற்றைக் காலால் நொண்டித் தாண்டும் விளையாட்டை நம் தெருக்களில் பாண்டி என்கிறோம் அல்லவா? அதனை ஆங்கிலச் சிறுமிகள் ஹாப்ஸ்காட்ச் என்பார்கள். ஹாப் என்பது நொண்டுதல், ஸ்காட்ச் என்பது தரையில் கீறிய கோடு. ஆகவே அந்த மந்திரியின் செய்கைக்கும் என் பேத்தி விளையாடும் பாண்டிக்கும் உள்ள உறவு, அவருக்கும் மதுவுக்கும் உள்ள உறவைவிட, சொல்லளவிலாவது, நெருக்கமானது.

கீறுவதைக் குறித்த சொல் ஒழிப்பதைக் குறிக்கலானது எவ்வாறு? இங்கே ஷேக்ஸ்பியர் வருகிறார். மன்னனைக் கொன்று சிங்காசனம் ஏறிய மாக்பெத், அந்தப் பெயருள்ள நாடகத்தில், பகைப்பாம்பைக் காயப்படுத்தினோமேயன்றி அதன் உயிர் இன்னும் போகவில்லை என்னும் கருத்தில் தன் மனைவியிடம் பேசுமிடம் ஒன்று உண்டு. 1623-இல் வெளிவந்த முதற் பெரும்பதிப்பில் அவ்விடத்தில் ஸ்கார்ச் என்னும் சொல்லே அச்சாகியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியரான லூயிஸ் தியோபால்டு என்பவர், அது பிழையான பாடமென்று கொண்டு, ஒரே ஓர் எழுத்தை மாற்றி, ஸ்காட்ச் என்று திருத்தினார். (பாடபேதம் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் வேலை உ. வே. சாமிநாதையருக்கு மட்டுமே வாய்த்ததென்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க.) திருத்தம் நிலைத்தது, நாடகம் பரவியது, அச்சொல்லும் பரவியது. உயிர் போகவில்லை என்பதற்காக அங்கே வைக்கப்பட்ட சொல்லைப் பின்வந்தோர் அரைகுறையாக நினைவில் கொண்டு, உயிரைப் போக்கிவிட்டதாகவே பொருள்படுத்தி வழங்கத் தலைப்பட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் வதந்தியை ஸ்காட்ச் செய்வதென்றால் வேரோடு களைவது என்றாகிவிட்டது.

ஆனால் இந்த அர்த்தமாற்றத்துக்குப் பாம்பு மட்டுமே காரணமாகாது, இதே ஒலியுள்ள இன்னொரு ஸ்காட்சும் துணை நின்றிருக்கலாம் என்பது அகராதியாசிரியர் சிலரின் அபிப்பிராயம். பதினேழாம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் காணப்படும் அந்த இரண்டாவது ஸ்காட்ச் யாதெனில், சக்கரம் உருண்டுவிடாமல் அதன் அடியில் செருகி வைக்கும் கட்டை.

இவ்வரியை நான் வாசித்தபோது புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் கட்டையை எனக்குத் தெரியும்.

என் பெரியப்பா தச்சர். கலப்பையும் கட்டிலும் நிலைக்கதவும் செய்து பிழைத்தவர். ஆண்டுக்கொரு முறை, ஆடிப்பூரத்தன்று, சீவில்லிபுத்தூர்த் தேருக்குக் கட்டை போடப் போவார். அதற்குக் கூலி உண்டா இல்லையா என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை. போகும் முன் வைரம் பாய்ந்த மரத்தில் ஆப்பு வடிவமாகச் செதுக்கிய கட்டைகளை, ஒருபுறம் தடித்து மறுபுறம் சரிந்து, பிடிப்பதற்கு வால்போல் காம்பு நீண்டிருக்கும் அவற்றை, திண்ணையில் வரிசையாக வைத்து விரலால் தடவிப் பார்ப்பார். சிறுவனாகிய எனக்கு அவை முதலைக் குட்டிகளைப் போலத் தோன்றும்.

தேரில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளியிருப்பதை நீங்கள் எல்லாரும் தரிசித்திருக்கிறீர்கள். தேரின் காற்பக்கத்தைப் பார்த்தவர்கள் குறைவு. தேருக்குக் கடிவாளம் இல்லை, சுக்கான் இல்லை. அச்சு திரும்பாது, சக்கரம் நேரே உருள மட்டுமே அறியும். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்துக் கோவிந்த நாமம் முழங்க இழுக்கையில், முன்னே இழுப்பவர்களுக்குச் சக்கரம் போகும் போக்குத் தெரியாது, பின்னே நெம்புதடி போடுவோருக்கு வீதியின் முகப்புத் தெரியாது, மேலே நிற்கும் அர்ச்சகருக்கோ கீழே நடக்கும் எதுவுமே தெரியாது. இவர்கள் அனைவருடைய பலமும் பக்தியும் ஒன்றுகூடி அந்த மரமலையைத் தள்ளிக்கொண்டு செல்ல, அது கடைகளின் தாழ்வாரத்திலும் வீட்டுத் திண்ணையிலும் ஏறிவிடாமல் நடுவீதியில் நிற்பதும் நடப்பதும், சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்தபடியே பின்னோக்கி நகரும் நாலைந்து பேருடைய கையில் இருக்கிறது. வண்டி இடப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கச் சக்கரத்தின் முன் கட்டையைச் சாய்த்துச் செருகுவார்கள். அந்தச் சக்கரம் தயங்கும். தயங்காத மறுபக்கம் முன்னேறும். தேரின் முகம் வலப்புறம் திரும்பும். ஒரு ரத வீதி முடிந்து இன்னொரு ரத வீதி தொடங்கும் மூலையில் இந்த வித்தையை எத்தனையோ முறை திருப்பித் திருப்பிச் செய்தால்தான் தேர் திரும்பும். முழுக்கட்டையாகப் போட்டால் நிற்கும். சரிவாகப் போட்டால் சறுக்கும். ஓரமாகப் போட்டால் திரும்பும். கட்டையை வைத்த கை சக்கரத்துக்கு முன்னால் ஒரு விநாடி தங்கிவிட்டால் அந்தக் கை அவ்வளவுதான். பெரியப்பாவின் இடக்கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

இக்காலத்தில் பெருந்தேர்களுக்கு இரும்புச் சக்கரம் வந்துவிட்டது. திருவாரூர்ப் பெருந்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களையும் நீரழுத்தத்தால் இயங்கும் தடைக்கருவியையும் பொருத்திக் கொடுத்தார்கள். அதற்குப் பின்னும் தேரோட்டத்தன்று முட்டுக்கட்டைகள் குவியல் குவியலாக உடன் செல்கின்றன. தடைக்கருவி நிறுத்தும், ஓரங்குலம் இந்தப் பக்கம் என்று அதற்குச் சொல்ல முடியாது.

முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்து, தேரை ஓடவிடாமல் தடுக்கிறான் பாவி என்று ரத வீதியில் எவரும் வைததாக நான் கேட்டதில்லை. தேருக்கு வெளியே வந்தவுடன் அதே சொல்லுக்கு என்ன கதி நேர்ந்ததென்று பாருங்கள். பத்திரிகையைத் திறந்தால், வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை, திருமணத்துக்கு முட்டுக்கட்டை, பேச்சுவார்த்தைக்கு முட்டுக்கட்டை. ஊர் நடுவே தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்த ஒரு கருவி, பொறாமைக்காரனின் ஆயுதமாகப் பெயர் கெட்டுப் போயிற்று.

தேர்தான் வேண்டுமென்பதில்லை. இளமையில் ஒரு முறை, இராஜபாளையத்து மாம்பழ லாரி ஒன்றில் செங்கோட்டைக்கு அப்பால் புளியரை மலைப்பாதை வழியாகக் கேரளத்துக்குப் பிரயாணம் செய்தேன். ஏற்றத்தில் முன்னால் சென்ற வண்டி நின்றுவிடவே எங்கள் வண்டியும் நின்றது. நின்றதுதான் தாமதம், ஓட்டுநரின் அருகே தூங்கி வழிந்துகொண்டிருந்த கிளீனர்ப் பையன், கண்ணைத் திறந்தானோ இல்லையோ, இருக்கையின் அடியிலிருந்த கட்டையை இழுத்துக்கொண்டு கீழே குதித்துப் பின்சக்கரத்தில் செருகிவிட்டான். வண்டி புறப்படும்போது கட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்து தொற்றி ஏறினான். அன்றிரவு இப்படி ஏழெட்டு முறை. "உனக்கு என்னப்பா வேலை?" என்று கேட்டேன். "கட்டை போடுறது, சார்" என்றான், வேறென்ன இருக்கிறது என்னும் பாவனையில். நம் பேச்சுவழக்கில், நடக்க இருந்த காரியத்தை ஒருவன் கெடுத்துவிட்டால், கட்டையைப் போட்டுட்டான் என்கிறோம். அந்தப் பையனைப் போன்ற ஆயிரம் பேர் மலைப்பாதைகளில் போட்ட கட்டைகளால் பள்ளத்தாக்கில் விழாமல் தப்பிய மாம்பழமும் மனிதரும் எத்தனையோ.

ஆகவே சொல்லைச் சற்று உடைத்துப் பார்ப்போம். முட்டு என்பது என்ன? 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை விரித்தால், தடை என்னும் பொருளும் தாங்கல் என்னும் பொருளும் முட்டு என்ற ஒரே சொல்லின் கீழ் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கக் காண்பீர்கள். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோம். குலை தள்ளிய வாழைக்கும் முட்டுக் கொடுக்கிறோம். தெரு முடிந்து வழியில்லாத இடம் முட்டுச்சந்து. கையில் காசில்லாத நிலை முட்டுப்பாடு. அரசியல்வாதியின் குற்றத்தை மறைத்துப் பேசுகிறவனை, முட்டுக் கொடுக்கிறான் என்று இன்றைய இளைஞர் ஏளனம் செய்கிறார்கள்; அதே அரசியல்வாதிக்குக் குறுக்கே நிற்பவனை, முட்டுக்கட்டை போடுகிறான் என்கிறார்கள். ஒரே முட்டு, கொடுத்தால் துணை, போட்டால் பகை! உற்று நோக்கினால் மரம் செய்யும் வேலை இரண்டிடத்தும் ஒன்றுதான்: நகரப் போகும் கனத்தை எதிர்த்து நிற்பது. சுவர் நகர்வதை நாம் விரும்புவதில்லை, வண்டி நகர்வதை விரும்புகிறோம். நமது விருப்பத்தைக் கொண்டுபோய் மரத்தின்மேல் ஏற்றிவிட்டோம்.

ஆங்கிலத்திலும் இப்படியொரு முரண் உண்டு. அது ஸ்காட்சைவிட வேடிக்கையானது. லெட் என்றால் விடு, அனுமதி என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். பழைய ஆங்கிலத்தில் அனுமதிப்பதைக் குறிக்க ஒரு வினையும், தடுப்பதைக் குறிக்க வேறொரு வினையும் தனித்தனியே இருந்தன. பிந்தையது தாமதத்தைக் குறிக்கும் சொல்லுக்கு உறவினது. நூற்றாண்டுகள் உருண்டதில் இரண்டும் தேய்ந்து ஒரே உருவமாகி, லெட் என்ற சொல் விடுவதையும் குறித்தது, விடாததையும் குறித்தது. 1611-இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளியான விவிலிய மொழிபெயர்ப்பில், தடுக்கப்பட்டேன் என்ற பொருளில் அச்சொல் வருவதைக் கண்டு, இக்காலத்து வாசகர் தலைகீழாக அர்த்தம் செய்துகொள்வது உண்டு. தடுக்கும் லெட் பிற்பாடு ஏறக்குறைய மறைந்துபோயிற்று. மறையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் இரண்டு. டென்னிஸ் ஆட்டத்தில் முதல் அடியில் பந்து வலையை உரசிக்கொண்டு விழுந்தால் லெட் என்று கூவி மறுபடி அடிக்கச் செய்வார்கள். மற்றோரிடம், நம்மவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. வளைகுடா நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் கொண்டுசெல்லும் இந்தியக் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். இதை உடையவரை லெட்டோ இடையூறோ இன்றிச் செல்ல விடுமாறு, குடியரசுத் தலைவர் பெயரால் அதில் வேண்டிக்கொண்டிருப்பார்கள். அனுமதி இன்றிச் செல்ல விடுக என்று அதைப் படித்துவிட்டு, இதென்ன விபரீதம் என்று என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார்.

குறுக்கே போடும் காரியத்துக்கு ஆங்கிலத்தில் மூத்த சொல் துவார்ட் என்பது. வடகடல் தாண்டி வந்து இங்கிலாந்தில் குடியேறிய நார்வீஜியரும் டேனியரும் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் குறுக்கு என்று பொருள்படும் சொல்லே அதன் மூலம். முதலில் அது திசையைத்தான் குறித்தது, பகையை அல்ல. நாமும் குறுக்கிடுதல் என்கிறோம், குறுக்கே நிற்காதே என்கிறோம். எம்மொழியிலும் ஒன்றுபோல் தோன்றக்கூடிய உருவகந்தான் இது. ஆனால் தமிழ் இவ்விஷயத்தில் ஆங்கிலத்தைவிட ஒருபடி ஆழ்ந்து சென்றிருக்கிறது. விலங்குதல் என்றால் குறுக்காதல். மனிதன் நெட்டுக்கு நிற்கிறான். ஆடும் மாடும் புலியும் நிலத்துக்கு இணையாக, குறுக்காக உடலைக் கொண்டு நடக்கின்றன. ஆகவே அவற்றுக்கு விலங்கு என்று பெயர். வடமொழியாளரும் இதே நோக்கில் அவற்றைத் திரியக்கு என்றனர். காலுக்குக் குறுக்கே பூட்டும் தளையும் விலங்கு. குறுக்கே வைத்து அகற்றுதல் விலக்கு. மதுவிலக்கு என்று நாம் சொல்லும்போதெல்லாம், குடிப்பவனுக்கும் கடைக்கும் நடுவே ஒரு மரத்தைக் குறுக்கே கிடத்துகிறோம். பேத்தி கேட்ட ஸ்காட்ச் இங்கே வேறு வழியாக வந்து சேர்ந்துகொள்வதைப் பாருங்கள்!

சூழ்ச்சியை முறியடிப்பதைக் குறிக்கும் ஃபாயில் என்னும் சொல்லை இந்த வட்டாரத்தில் விளக்குவதற்கு எனக்குத் துணை தேட வேண்டியதில்லை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்குக்குத் தபால் தலை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்றாக இடம்பெற்ற இராஜபாளையம் நாயை அறியாதவர் இங்கே யாரும் இலர். வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்குமாகப் பன்றி வேட்டைக்குப் பேர்போன சாதி. ஃபாயில் என்பது காலால் மிதித்துத் துவைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. துரத்தப்படும் மிருகம் தான் வந்த தடத்தின்மேலேயே திரும்பி ஓடி மிதித்துக் கலைத்துவிட்டால், மோப்பம் பிடித்து வரும் நாய் திசை தெரியாமல் திகைக்கும், அதுவே ஃபாயில். இந்தச் சொல்லில் எனக்கு ஒரு பிரியம் உண்டு. இவ்வகைச் சொற்களுள், வலியவன் எளியவனைத் தடுப்பதாக இல்லாமல், எளிய பிராணி தன் உயிரைக் காத்துக்கொள்ளச் செய்த தந்திரமாகப் பிறந்தது இதுவே. (பலகாரம் சுற்றும் வெள்ளித்தாளுக்கு வழங்கும் ஃபாயில் வேறு, அது இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது.)

ஸ்டைமி என்பது கோல்ஃப் ஆட்டத்துச் சொல். ஒருவன் பந்துக்கும் குழிக்கும் நடுவில் மற்றவன் பந்து மறித்துக் கிடப்பது. 1952-இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். சொல் மட்டும் ஆட்டத்தை விட்டு வெளியேறி அலுவலகங்களில் உத்தியோகம் பார்க்கிறது. காரியத்தை முடித்துக்கட்டுவதைக் குறிக்கும் கைபாஷ் என்று ஒன்று, 1830-களில் லண்டன் தெருப்பேச்சில் முளைத்தது. அது சாட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்லென்பாரும், ஐரிஷ் மொழியில் மரணதண்டனைத் தொப்பி என்பாரும் உண்டு. நூறு காத தூரம் வாதம் செய்தும் முடிவு ஏற்படாத அந்த வழக்கில் நான் வாய் திறக்கப் போவதில்லை.

இத்தனை சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, நம் மாவட்டத்து விஷயம் ஒன்றை எடுத்துப் பார்க்கிறேன். நண்பர் கேட்ட தண்ணீரும் இதில் வந்துவிடும். கேரளத்துப் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளில் மிகுதியாக ஓடுவதாகக் கருதப்படும் நீரில் ஒரு பகுதியை, மலையைக் குடைந்து, நம் அர்ச்சுனா நதியும் வந்து சேரும் வைப்பாற்றுப் படுகைக்குத் திருப்பலாமென்று தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995-இல் ஓர் அறிக்கை தந்தது. ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் என்பது அதன் கணக்கு. அன்று முதல் இன்று வரை அந்த நீர் காகிதத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கேரளம் முட்டுக்கட்டை போடுகிறது என்று இந்தப் பக்கத்து மேடைகளில் நாம் பேசுகிறோம். மானாவாரிக் காட்டில் மழையை எதிர்பார்த்து நிற்பவனுக்கு அப்படிப் பேச உரிமை உண்டு. மலைக்கு அந்தப் புறம் போய்க் கேட்டால், ஆற்றில் நீர் குறைந்தால் குட்டநாட்டு வயல்களில் கடலுப்பு ஏறிவிடும், வேம்பநாட்டுக் காயல் கெட்டுப்போகும், சரியும் சுவருக்கு நாங்கள் முட்டுக் கொடுக்கிறோம் என்பார்கள். ஒரு முட்டுக்கு மலையின் இருபுறமும் இரண்டு அர்த்தம்! எவர் கணக்குச் சரியென்று தீர்ப்பளிக்க நான் பொறியியலறிஞன் அல்லன். ஆனால் முட்டுக்கட்டை என்று நாம் உச்சரிக்கும்போது, சக்கரத்தருகே குனிந்திருப்பவனுக்கு எந்தத் திண்ணை தெரிகிறதென்று ஒருகணம் கேட்டுவிட்டு உச்சரித்தால் நல்லது.

எல்லாத் தடையையும் இந்த நியாயத்தில் சேர்த்துவிட வேண்டுமென்று நான் சொன்னதாகக் கொள்ளாதீர்கள். 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய்ப் பங்குகள் 40,000. தலைவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கம்பெனியின் கப்பல் ஓடத் தொடங்கியதும், அந்தத் தடத்தில் அதுகாறும் போட்டியின்றி ஓட்டிவந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தார்கள், மேலும் குறைத்தார்கள், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பர். அதுவும் பலிக்காதபோது அரசாங்கம் வந்தது. 1908 மார்ச்சில் வ. உ. சி. சிறைப்பட்டார், ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள், பின்னால் தண்டனை குறைந்து 1912-இல் அவர் வெளியே வருவதற்குள் கம்பெனி இல்லை, கப்பலும் இல்லை. இதற்குப் போய், வெள்ளையர் சுதேசிக் கப்பலுக்கு முட்டுக்கட்டை போட்டனர் என்று ஒரு பாடப்புத்தகத்தில் வாசித்தேன். என் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். முட்டுக்கட்டை போடுகிறவன் தேர் நிலை சேரவேண்டுமென்று விரதமிருந்து வந்தவன். தேரையே கொளுத்துகிறவனுக்கு அவன் பெயரை ஏன் கொடுக்கிறீர்கள்? குழி பறித்தல் என்று ஒன்று இருக்கிறது, வாயில் மண்ணைப் போடுதல் என்று ஒன்று இருக்கிறது, வேரறுத்தல் இருக்கிறது. சொல்லுக்குப் பஞ்சமில்லாத பாஷையில் ஒரு தச்சனின் மரத்துண்டை எடுத்துக்கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்திருக்க வேண்டாம்.

நேரமாகிவிட்டது, முன்வரிசை மாணவச் செல்வங்கள் இருவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

பெரியப்பா காலமான பின், திண்ணையில் வரிசையாக இருந்த கட்டைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். எனக்கு வந்தது மிகவும் தேய்ந்தது; சரிவில் சக்கரப் பட்டை அழுந்திய தழும்பு நெடுக ஓடுகிறது, ஆங்கிலேயர் ஸ்காட்ச் என்று சொன்ன அதே கீறல். என்ன செய்வதென்று தெரியாமல் பரணில் போட்டிருந்தேன். ஆடி பிறந்தால் மலையிலிருந்து இறங்கும் காற்று எங்கள் வாசற்கதவை அறைந்து அறைந்து சாத்தும். ஓராண்டு பொறுக்கமாட்டாமல் என் மனைவி பரணில் ஏறி அந்தக் கட்டையைத் தேடி எடுத்துக் கதவின் அடியில் செருகிவிட்டாள். அன்று முதல் அது அங்கேதான் இருக்கிறது. இந்த ஆடியில் காற்று எழும்பிய மாலை, "தாத்தா, ஸ்காட்ச் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளேயிருந்து ஓடி வந்தாள் என் பேத்தி. வாரியலால் பெருக்கியவர்கள் திண்ணை ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். எடுத்துக் கொடுத்தேன், செருகினாள். கதவு திறந்தே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் மட்டும் காலைப் பார்த்து வைத்து வாருங்கள்.